லைட்கர்வ்: வெண்குறுமீன் பல்சர்களுக்குப் பயன்படுமா?

கெப்ளர், டெஸ் விண்தொலைநோக்கிகள் பதிந்த ஒளியளவுகளைப் பிரித்துப் பார்க்க உதவும் இலவசப் பைத்தான் தொகுப்பு இது. விண்மீனின் பெயரைக் கொடுத்தால் போதும், விண்தொலைநோக்கித் தரவுகளைச் சேமிக்கும் மாஸ்ட் காப்பகத்திலிருந்து கோப்பை அதுவே இறக்கித் தரும். ஆனால் வெண்குறுமீன் பல்சர்களை, அதாவது சுழலும் வெண்குறுமீனும் (எரிந்து முடிந்த விண்மீனின் அடர்ந்த எச்சம்) செங்குறுமீனும் (சிறிய, குளிர்ந்த சிவப்பு விண்மீன்) ஒன்றையொன்று சுற்றியபடி சீராக ஒளி துடிக்கும் இரட்டைகளை ஆராய இதன் இயல்பு அமைப்புகளை நம்பினால் துடிப்பே காணாமல் போகும்.

அவ்வகை இரட்டையான ஏஆர் ஸ்கார்ப்பியையை எடுத்துக்கொள்வோம். அதன் வெண்குறுமீன் 117 வினாடிக்கு ஒருமுறை தன்னைத்தானே சுழல்கிறது; செங்குறுமீனோடு சேர்ந்த சுற்றுக்காலம் 3.56 மணி. இவ்விரண்டும் கலந்து வரும் முதன்மைத் துடிப்பு 118.2 வினாடி. டெஸ்ஸின் 120 வினாடித் தரவில் ஒவ்வொரு பதிவும் ஏறக்குறைய ஒரு முழுத் துடிப்பையே சராசரியாக்கிவிடுவதால் துடிப்பின் வீச்சில் (ஏற்ற இறக்க அளவில்) 2 விழுக்காடுகூட மிஞ்சாது. கெப்ளரின் இரண்டாம் பணியான கே2வின் அரைமணித் தரவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், சுற்றுக்காலம் மட்டும்தான் தெரியும். 20 வினாடித் தரவு இருந்தால் இழப்பு சுமார் 5 விழுக்காடு. எனவே தேடும்போதே பதிவு நேரத்தை 20 என்று கொடுத்துவிடுங்கள். 2023இல் அறிவிக்கப்பட்ட, இதே வகையைச் சேர்ந்த ஜே1912−4410இன் துடிப்பு 5.3 நிமிடம் என்பதால் 120 வினாடியிலும் தப்பிக்கும். வீச்சு மட்டும் ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

அடுத்த கண்ணி, மெதுவான ஒளி மாற்றங்களை நீக்கிச் சமப்படுத்தும் ஃபிளாட்டன் கட்டளை. அதன் சாளரம் (ஒரே நேரத்தில் கணக்கில் எடுக்கும் பகுதி) இயல்பாக 101 புள்ளிகள். 20 வினாடித் தரவில் அது 34 நிமிடமே, ஆகவே மணிக்கணக்கில் ஏறி இறங்கும் சுற்றுப்பாதை மாற்றத்தைத் துடைத்தெறிந்துவிடும். 4321 என்று கொடுத்தால் சாளரம் ஒரு நாளாகும் (ஒற்றைப்படை எண்தான் ஏற்கும்). விலகிய புள்ளிகளை நீக்கும் கட்டளையும் 5 சிக்மாவுக்கு (திட்டவிலக்கத்தின் ஐந்து மடங்குக்கு) மேற்பட்டதையெல்லாம் வெட்டும். கூரிய துடிப்பின் உச்சியும் அதில் போகலாம். எவை வெட்டுப்பட்டன என்று காட்டும் குறிப்பட்டியலான மாஸ்க்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இதில் மிகவும் பிடித்தது, படப்புள்ளிகள் மேல் கையா விண்தொலைநோக்கியின் பட்டியலிலுள்ள விண்மீன்களைக் காட்டும் வசதி. டெஸ்ஸின் ஒரு படப்புள்ளி 21 வில்வினாடி அகலம்; பக்கத்து விண்மீனின் ஒளி கலந்து துடிப்பை மங்கவைக்கிறதா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இதற்காகவே நிறுவலாம்.

தரையிலிருந்து எடுத்த உங்கள் அளவீட்டையும் சேர்ப்பதானால் நேரத்தை முதலில் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு மாற்றுங்கள். டெஸ் கோப்பில் அந்தத் திருத்தம் ஏற்கெனவே உண்டு. மாற்றாவிட்டால் பிழை 8 நிமிடம் வரை போகும், அதாவது ஏஆர் ஸ்கார்ப்பியையில் நான்கு துடிப்பு.

டெஸ் பார்ப்பது 600 முதல் 1000 நானோமீட்டர் வரை மட்டுமே. இந்த இரட்டைகளின் ரேடியோ, எக்ஸ் கதிர் வீச்சையோ, ஏஆர் ஸ்கார்ப்பியையில் 40 விழுக்காடு வரை எட்டும் ஒளி முனைவாக்கத்தையோ (ஒளியலைகள் ஒரே திசையில் அதிர்வதையோ) ஆராய வேறு கருவிதான் வேண்டும்.