இன்காய்ஸ் கடல் அறிவிப்பு: தெற்குவாடி நாட்டுப்படகு வீட்டுல இருந்து ஒரு ரிவ்யூ

பாம்பன் தெற்குவாடில எங்க வீடு, அப்பாவுக்கு நாட்டுப்படகு, போன்ல வர்ற கடல் மெசேஜை படிச்சு சொல்றது நான். ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ்ங்கிற மத்திய அரசு நிறுவனம் அனுப்புற அறிவிப்பு அது, பைசா வாங்குறது இல்ல. மூணு வருஷமா பாக்குறேன், அஞ்சுக்கு நாலு ஸ்டார்.

முதல்ல கள்ளக்கடல் எச்சரிக்கை, எங்களுக்கு அதுதான் பெருசு. புயல்னா பாம்பன் துறைமுகத்துல கூண்டு ஏத்துவாங்க, வானமே காட்டிக் குடுத்துடும். கள்ளக்கடல் அப்படி இல்லங்க, இங்க காத்தே இருக்காது, நல்ல வெயில் அடிக்கும், ஆனா எங்கேயோ தெற்கு இந்தியப் பெருங்கடல்ல அடிச்ச காத்துல கெளம்புன அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உருண்டு வந்து நம்ம தென்கடல் கரையில ஏறும். அதுவும் கோடைல, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை விசைப்படகுக்கு தடை இருக்கிற நேரம், கடல்ல கெடக்குறது எல்லாம் எங்கள மாதிரி சின்ன படகுதான். ஒரு தடவை அப்படி மெசேஜ் வந்தப்ப "காத்தையே காணோம், எங்கிருந்தும்மா அலை வரும்"னு அப்பா கேட்டாங்க. அலை உயரத்துக்கு பக்கத்துல ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல 18 செகண்ட்னு போட்டிருந்துச்சு, அவ்ளோ இடைவெளின்னா அது இங்க பொறந்த அலை இல்லப்பான்னு சொன்னேன். கொஞ்சம் யோசிச்சுட்டு பக்கத்து வீட்டு சித்தப்பாவையும் கூப்பிட்டு ரெண்டு படகையும் மேட்டுக்கு இழுத்துட்டாங்க. சாயங்காலம் தண்ணி, படகு வழக்கமா கெடக்குற இடத்தையும் தாண்டி வந்துச்சு. 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி அழிஞ்சப்ப பாம்பன்ல இருந்து போன ரயிலையே அலை அடிச்சுட்டுப் போயிடுச்சு, அப்பத்தா அதை இன்னும் சொல்லி அழுவாங்க, அன்னிக்கு மேல இருந்து பாக்க இந்தியாவுக்கு ஒரு சேட்டிலைட் கூட கிடையாது.

அடுத்தது மீன் இருக்க வாய்ப்புள்ள இடம். கடல் மேல்தண்ணி சூடும், தண்ணில இருக்கிற பச்சையமும் சேட்டிலைட்ல அளந்து, எந்த மீன் இறங்குதளத்துல இருந்து எந்த திசைல எவ்ளோ தூரம், எவ்ளோ ஆழம்னு தமிழ்லயே குடுக்குறாங்க. பச்சையம்னா அங்க நுண்பாசி இருக்குன்னு அர்த்தம், நுண்பாசி இருக்கிற பக்கம் சூடை, சாளை மாதிரி சின்ன மீன் போகும், அதைத் தின்ன பெரிய மீன் வரும், கணக்கு அவ்ளோதான். மீன் கெடைக்கிறது உறுதின்னு சொல்ல மாட்டேன், ஆனா தேடி அலையிற டீசல் குறையுது. மேகம் மூடுன நாள்ல இது வராது, அந்த கருவி மேகத்துக்குள்ள பாக்காது, அன்னிக்கு அப்பாவோட கண்ணுதான்.

இதெல்லாம் ஓசி இல்ல, நம்ம வரிக்காசு. புவி அறிவியலுக்கு பிருத்வின்னு ஒரு திட்டம், 2021 முதல் 2026 வரை 4,797 கோடி, 2024 செப்டம்பர்ல மிஷன் மௌசம்ங்கிற வானிலை திட்டத்துக்கு ரெண்டு வருஷத்துக்கு 2,000 கோடின்னு அறிவிச்சாங்க. ராக்கெட்டுக்கு எதுக்கு இவ்ளோன்னு எங்க தெருவுலயே கேக்குறாங்க, அவங்களுக்குத்தான் இதை எழுதுறேன். 2009ல போன ஓஷன்சாட்-2ங்கிற கடல் பாக்குற சேட்டிலைட்டுக்கு ஆயுள் அஞ்சு வருஷம்னுதான் வெச்சாங்க, 2014ல அதுல காத்தை அளக்குற கருவி நின்னு போச்சு, அந்த வேலைக்கு ஸ்கேட்சாட்ங்கிற சேட்டிலைட் போனது 2016 செப்டம்பர்ல, ஓஷன்சாட்-3 போனது 2022 நவம்பர்ல. காசு விடாம வந்தாதான் பழசு சாகுறதுக்கு முன்னாடியே புதுசு மேல நிக்கும், அலை கணக்குக்கு காத்து அளவு முக்கியம்.

ஒரு ஸ்டார் குறைச்சது கரைல நடக்குறதுக்கு. ஒரு இறங்குதளத்துல வெச்ச டிஸ்ப்ளே போர்டு மாசக்கணக்கா இருட்டா கெடந்துச்சு, கேட்டா ரிப்பேருக்கு காசு ஒதுக்கலன்னு பதில். சேட்டிலைட்டுக்கு ஒதுக்குற கையோட இதுக்கும் ஒதுக்கணும். இன்னொன்னு, கொஞ்ச தூரம் போனாலே டவர் போயிடும். இஸ்ரோ தொழில்நுட்பத்துல வந்த ட்ரான்ஸ்பாண்டர்னு படகுல வெக்கிற ஒரு கருவி இருக்கு, அது போன் டவர் இல்லாமலே சேட்டிலைட் வழியா மெசேஜ் வாங்கும், 1 லட்சம் படகுக்கு 364 கோடின்னு திட்டம் போட்டிருக்காங்க, எங்க படகுக்கு இன்னும் வரல, அதுவரை கெளம்புறதுக்கு முன்னாடியே படிச்சுட்டுப் போங்க. போன் பாக்கத் தெரியாத பெரியவங்க இருக்கிற வீட்டுல நம்ம கடல் ஓசை 90.4 ரேடியோவை வெச்சு விடுங்க.