செம்மண் ரோட்டுக்கு எந்த டயர், எந்த ரிம்?

சிங்கப்பூரில் கார் வைத்திருப்பவர் கல்லு ரோட்டைப் பற்றிப் பேசினால், அது பெரும்பாலும் ஜோகூர் கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ரோடுதான். உள்ளூரில் கிராஞ்சி, லிம் சூ காங் பண்ணைகளுக்குள் போகும் சில வழிகளை விட்டால், தார் இல்லாத தரையில் நம் சக்கரம் படுவதே அபூர்வம். ஆனால் ஜோகூரில் சொந்தபந்தம் உள்ளவர்களுக்குத் தோட்டத்துக் கோயில் திருவிழா, டுரியான் சீசன், குளுவாங் பக்கம் மாமா வீடு என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் சுகமாகப் போய்விட்டு, கடைசி நாலைந்து கிலோமீட்டரைச் செம்பனை மரங்களுக்கு நடுவே சரளையிலும் செம்மண்ணிலும் உருட்ட வேண்டியிருக்கும்.

அதற்காக என்ன மாற்றலாம் என்று டயர் கடையில் கேட்டால், முதலில் காட்டுவது பெரிய பெரிய பட்டன் (தரையைத் தொடும் ரப்பர்க் கட்டி) வைத்த ஏ/டி டயரை, அதாவது எல்லாத் தரைக்குமான டயரைத்தான். பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். நான் சொல்வது, முதலில் ரிம் அளவைப் பாருங்கள். பட்டன் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்.

18 அங்குலமா, 15 அங்குலமா?

டயரில் எழுதியிருக்கும் எண்களில் முதலாவது மில்லிமீட்டரில் அகலம். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு சைடுவாலின், அதாவது டயரின் பக்கச்சுவரின், உயரம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். டொயோட்டா அல்டிஸ் அளவுள்ள ஒரு செடானுக்குப் பொருந்தும் நான்கு அளவுகளை வரிசையாக வைத்துப் பார்க்கலாம்.

195/65 ஆர்15: சைடுவால் சுமார் 127 மி.மீ., மொத்த விட்டம் சுமார் 634 மி.மீ.
205/55 ஆர்16: சைடுவால் 113, விட்டம் 632
225/45 ஆர்17: சைடுவால் 101, விட்டம் 634
225/40 ஆர்18: சைடுவால் 90, விட்டம் 637

மொத்த விட்டம் ஏறக்குறைய மாறவே இல்லை. ஆகவே ஸ்பீடோமீட்டரும் பெரிதாக ஏமாற்றாது, வண்டியின் உயரமும் கூடாது. மாறுவது சைடுவால் மட்டும்தான். 18-லிருந்து 15-க்கு இறங்கினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் 37 மி.மீ. ரப்பரும் காற்றும் கூடுதலாகக் கிடைக்கும். கல்லு ரோட்டில் டயர் போவதற்குப் பெரிய காரணம், ஒரு குழியின் விளிம்பிலோ கூரான கல்லிலோ மோதும்போது சைடுவால் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் நசுங்குவதுதான். உயரம் குறைந்த சைடுவாலுக்கு வளைந்துகொடுக்க இடமே கிடையாது. அடி நேராக ரிம்முக்குப் போகும்.

அகலமும் இங்கே பேச வேண்டிய விஷயம். இறுகிய மண்ணின் மேல் தளர்ந்து கிடக்கும் சரளையில் ஓட்டுவது, தரையில் கொட்டிய உளுந்தின் மேல் நடப்பது மாதிரி. அகலமான டயர் கல்லின் மேலேயே மிதந்து போகும். ஒடுக்கமான டயர் கல்லை விலக்கிக்கொண்டு அடியிலுள்ள கெட்டித் தரையைத் தொடும். நகரத்தில் 225 போட்டால் பிடிமானம் கூடும் என்று பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். உலக ரேலி போட்டியில் இதை அப்பட்டமாகப் பார்க்கலாம். ஒரே கார், தார் ரோட்டுச் சுற்றுக்கு 18 அங்குல ரிம்மில் 235/40 டயர் போடும். சரளைச் சுற்றுக்கு 15 அங்குலத்துக்கு இறங்கி 205/65 போடும். 15 அங்குல ரிம்முக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகப் பிரேக் டிஸ்க்கைக்கூட 370 மி.மீ.யிலிருந்து 300-க்குக் குறைப்பார்கள். ஆசிய பசிபிக் ரேலி போட்டிகள் நடந்த ஜோகூர்ச் செம்பனைத் தோட்டப் பாதைகளும் இதே செம்மண், இதே சரளைதான். 2002-இல் உற்பத்திக் கார் பிரிவில் உலகப் பட்டம் வென்ற மலேசியாவின் கரம்ஜித் சிங் புரோட்டோன் காரில் ஓட்டியவர் என்பது நம் வட்டாரத்துக் கார்ப் பைத்தியங்களுக்குத் தெரிந்த சங்கதி.

பிரேக் என்றதும் ஓர் எச்சரிக்கை. எல்லா வண்டியிலும் 15-க்கு இறங்க முடியாது. உங்கள் மாடலின் கீழ்த்தர வகை எந்த அளவு ரிம்மோடு விற்பனைக்கு வந்ததோ, அதுதான் பொதுவாகப் பாதுகாப்பான குறைந்தபட்ச அளவு. அப்போதும், உங்களுடையது மேல்தர வகையாக இருந்து பிரேக் பெரிதாக இருந்தால் ரிம்மை மாட்டிச் சுற்றிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பிரேக் டிஸ்க்கைக் கவ்விப்பிடிக்கும் காலிப்பருக்கும் ரிம்முக்கும் இடைவெளி மிகக் குறைவாக இருந்தால் சரளை உள்ளே சிக்கி ரிம்மின் உட்புறத்தை வட்டமாக அறுத்துவிடும். பாதி வழியில் கரகரவென்று சத்தம் வந்தால் பலசமயம் இதுதான் காரணம்.

எஸ்யூவிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் எளிது. சுபாரு ஃபாரஸ்டரில் 225/55 ஆர்18-க்கும் 225/60 ஆர்17-க்கும் சைடுவாலில் 11 மி.மீ.தான் வித்தியாசம், இரண்டுமே 120-க்கு மேல். ரிம்மைத் தொட வேண்டியதில்லை. சுஸுகி ஜிம்னி வைத்திருப்பவர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். கம்பெனியே 195/80 ஆர்15 போட்டுத்தான் கொடுக்கிறது, சைடுவால் 156 மி.மீ.

ரோட்டு டயரா, ஏ/டியா?

இதில்தான் அதிகம் பேர் பணத்தை வீணாக்குகிறார்கள் என்று நினைக்கிறேன். ஏ/டியின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டன்களுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்பதால் தளர்ந்த கல்லை நன்றாகக் கவ்வும். பட்டன் ஆழமாக இருப்பதால் கல் குத்தி உள்ளே போக நேரமாகும். பள்ளங்களின் அடியில் சிறு மேடுகள் வைத்து, சிக்கிய கல்லைத் தானே வெளியே தள்ளும்படி செய்திருப்பார்கள். யோகோஹாமாவின் ஜியோலாண்டர் ஏ/டி, டோயோவின் ஓப்பன் கன்ட்ரி ஏ/டி போன்றவை சத்தத்தையும் அளவோடு வைத்திருக்கின்றன.

இப்போது மறுபக்கம். நம் ஓட்டத்தில் பெரும்பகுதி தார், அதுவும் மழைத் தார். பிஐஇ விரைவுச்சாலையில் சாயங்காலம் கொட்டும் மழையில் முன்னால் போகிற வண்டி திடீரென்று நிற்கும்போது, நல்ல ரோட்டு டயர் பொதுவாக ஏ/டியைவிடச் சீக்கிரம் நிறுத்தும். ஏ/டியின் பெரிய பட்டன்கள் பிரேக் பிடிக்கும்போது வளைந்துகொடுக்கும். ரப்பரின் கலவையும் தேய்மானத்துக்காகக் கெட்டியாக இருக்கும். எடையும் கூடுதல், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். வருஷத்துக்குச் சில தடவை வரும் செம்மண்ணுக்காகத் தினசரி மழையில் பிடிமானத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. போதாததற்கு, செடான் அளவுகளில் ஏ/டி கிடைப்பதே சிரமம்.

ஏ/டியிலும் இரண்டு ஜாதி உண்டு, கடையில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அளவுக்கு முன்னால் எல்டி என்று போட்டிருந்தால் அது இலகுரக லாரிக்கான கட்டுமானம். பிஎஃப் குட்ரிச் கேஓ2 மாதிரிச் சிலவற்றில் சைடுவாலிலேயே மூன்று அடுக்கு நூல் இருக்கும். கூரான கல்லுக்கு அதைப்போல் தாக்குப்பிடிப்பது வேறில்லை. ஆனால் கேட்கும் காற்றழுத்தமும் அதிகம், எடையும் அதிகம். ஹைலக்ஸ் மாதிரி பிக்கப் வண்டிக்குப் பொருந்தும். குடும்பம் ஏறும் சாதாரண எஸ்யூவியில் போட்டால் பின்சீட்டில் இருக்கும் பாட்டி, "ஏம்பா, மாட்டு வண்டியா இது?" என்று கேட்டுவிடுவார். எல்டி இல்லாத ஏ/டியின் சைடுவால் பலசமயம் சாதாரண ரோட்டு டயரின் சைடுவால் மாதிரியேதான். மேலே உள்ள முரட்டுத் தோற்றத்தை வைத்துச் சைடுவாலும் முரடு என்று எண்ணிவிடக் கூடாது.

ஆகவே என் தேர்வு: வாரத்துக்கு ஒரு தடவையாவது தோட்டத்துக்குள் போகிற எஸ்யூவி என்றால் எல்டி அல்லாத ஏ/டி. மற்ற எல்லோருக்கும் உயரமான சைடுவாலில் நல்ல ரோட்டு டயர். பட்டன் பாதி தேய்ந்த டயரோடு சரளைக்குப் போக வேண்டாம். சட்டம் 1.6 மி.மீ. வரை விடுகிறது என்றாலும், கல்லுக்கும் உள்ளே இருக்கும் கம்பி நாருக்கும் நடுவே இருப்பது அந்த ரப்பர்தான்.

எம்/டி, அதாவது சேற்று டயர், இந்த ஒப்பீட்டுக்குள்ளேயே வராது. நெடுஞ்சாலையில் தேனீக்கூட்டைக் கூடவே இழுத்துப்போகிற சத்தம், ஈரத் தாரில் பயம். ரேலி டயரை எங்காவது மலிவாகப் பார்த்தாலும் கையை அடக்குங்கள்.

இரும்பு ரிம், அலாய் ரிம்

சரளைக்கு இரும்பு ரிம்மே நிம்மதி. அடிபட்டால் வளையும், வளைந்ததைத் தட்டி நிமிர்த்த முடியும். வார்ப்பு அலாய், அதாவது உலோகக் கலவையை உருக்கி ஊற்றிச் செய்த ரிம், அதே அடிக்கு விரிசல் விடலாம், விரிசலை வெல்டிங் வைத்து ஓட்டுவதை நான் ஏற்கமாட்டேன். ஃபோர்ஜ்டு, அதாவது அழுத்தி அடித்துச் செய்த, அலாய்க்கு வலுவும் உண்டு, எடையும் குறைவு, விலையைக் கேட்டால்தான் மயக்கம் வரும். செம்மண் ரோட்டுக்கென்று இரண்டாவது செட் வைத்துக்கொள்ள நினைப்பவர் பழைய கம்பெனி ரிம்மையே தேடட்டும். போல்ட் வட்டமும், நடுத்துளையும், ஆஃப்செட்டும் (ரிம் எவ்வளவு உள்ளே தள்ளி உட்காரும் என்ற அளவு) தானாகப் பொருந்தும். டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்தி நிற்பதை நிலப் போக்குவரத்து ஆணையம் ஏற்காது, அந்தக் கவலையும் தீர்ந்தது. நட்டை மட்டும் கவனியுங்கள். டொயோட்டாவின் பல அலாய் ரிம்களுக்குத் தட்டை நட்டு, இரும்பு ரிம்முக்குக் கூம்பு நட்டு. மாற்றிப் போட்டால் இறுகியது போலத் தெரியும், இறுகியிருக்காது.

காற்றுப் போனால்?

ரன்ஃப்ளாட் (காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர்), ஒட்டுப்பசை டப்பா, ஸ்பேர். மூன்றில் தோட்டத்துக்குள் நம்பக்கூடியது ஸ்பேர் ஒன்றுதான். பசை டப்பா ஆணி குத்திய சின்னத் துளையை அடைக்கும், சைடுவால் கிழிந்தால் பசை அப்படியே வெளியே வழியும். ஈரமான ரப்பரைக் கல் சுலபமாக அறுக்கும் என்பதால் மழைக்குப் பிறகு கிழிசல்தான் அதிகம் நடக்கும். ரன்ஃப்ளாட் காற்றில்லாமலே மணிக்கு 80 கிலோமீட்டருக்குள் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் கொண்டுபோகும், ஆனால் அந்தக் கணக்கு நல்ல ரோட்டுக்கு. குழியும் கல்லுமான பாதையில் காற்றில்லாமல் உருட்டினால் ரிம்மும் சேர்ந்து போகும். அதன் விறைப்பான சைடுவால் காற்று இருக்கும்போதே ஒவ்வொரு கல்லையும் இடுப்புக்கு அனுப்பிவைக்கும். புதுக் கார்கள் பலவற்றில் ஸ்பேரே கிடையாது. டிக்கியில் இடம் இருந்தால் ஒல்லி ஸ்பேராவது வாங்கிப் போடுங்கள். அதற்குப் பொதுவாக 60 பி.எஸ்.ஐ. காற்று வேண்டும். அதை யாரும் பார்ப்பதில்லை, தேவைப்படும் நாளில் அதுவே தட்டையாகக் கிடக்கும்.

காற்றழுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உயரமான சைடுவால் இருந்தால், சரளையில் இறங்கும்போது கதவோரம் எழுதியிருப்பதைவிட 3, 4 பி.எஸ்.ஐ. குறைத்துக்கொள்ளலாம். மெதுவாகப் போனால் வண்டி மிருதுவாகும், பிடிமானமும் கூடும். இரண்டாவது எண் 40, 45 என்று இருக்கும் டயரில் இதைச் செய்யவே கூடாது, ரிம் அடிபடும். தார் ரோடு ஏறுமுன் மறுபடி நிரப்ப, 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் சின்னக் கம்ப்ரஸர் போதும். வண்டியில் ஐந்து பேரும் டிக்கி நிறைய டுரியானும் இருந்தால் குறைக்க வேண்டாம். எல்லை தாண்டும்போதே தொட்டியில் முக்கால்வாசி பெட்ரோல் கட்டாயம், அந்த எடையும் சேர்ந்திருக்கிறது. டயரில் 91 என்று சுமைக் குறியீடு இருந்தால் ஒரு டயர் தாங்குவது 615 கிலோ, அதுவும் சரியான அழுத்தத்தில். மாற்று டயரின் குறியீடு கம்பெனி கொடுத்ததைவிடக் குறையக் கூடாது.

ஜோகூர் பாருவில் மாற்றுவதாக இருந்தால் சைடுவாலில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2324 என்றால் 2024-இன் 23-ஆம் வாரத்தில் செய்தது. விலை குறைவு என்று கடைக்காரர் எடுத்து நீட்டுவது சிலசமயம் கிடங்கில் பல வருஷம் கிடந்த சரக்காக இருக்கும்.

கஹாங்கிலிருந்து கம்போங் பேத்தா வழியாக எண்டாவ்-ரோம்பின் காட்டுக்குள் போகும் பாதைக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே நான்கு சக்கர இயக்கமும் தரை உயரமும் வேண்டும். காரைக் கஹாங்கில் நிறுத்திவிட்டு, வழி தெரிந்தவரின் 4x4-இல் ஏறிக்கொள்ளுங்கள்.