பீப்பாய்க் கள்ளிகள்: கொக்கியை விடுங்கள், அதைச் சுற்றியுள்ள முள்ளைப் பாருங்கள்

அமெரிக்காவின் தெற்கு அரிசோனாவிலுள்ள சொனோரன் பாலைவனத்தில் முழங்கால் உயரமோ இடுப்பு உயரமோ உள்ள, கிளையில்லாத, உருண்டு திரண்ட ஒரு கள்ளி எதிர்ப்பட்டால் நான்கு பெயர்களில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். மீன்கொக்கிக் கள்ளி (ஃபெரோகாக்டஸ் விஸ்லிசெனி), கலிஃபோர்னியா பீப்பாய்க் கள்ளி (ஃபெரோகாக்டஸ் சிலிண்ட்ரேசியஸ்), எமோரி பீப்பாய்க் கள்ளி (ஃபெரோகாக்டஸ் எமோரியி), இல்லாவிட்டால் இன்னும் வளராத சகுவாரோ, அதாவது வளர்ந்தபின் தூண்போல் உயர்ந்து நிற்கும் ராட்சதக் கள்ளி.

சகுவாரோவை முதலிலேயே கழித்துவிடலாம். அதன் முட்கள் நேராக இருக்கும். வளைவோ குறுக்கு வரிகளோ கிடையாது. பீப்பாய்க் கள்ளிகளின் பெரிய முள்ளில் குறுக்காக வளையம் வளையமாக வரிகள் ஓடுவதைக் கிட்டப் போனால் பார்க்கலாம். இளம் சகுவாரோ பெரும்பாலும் பாலோ வெர்டே போன்ற மரத்தின் நிழலில் ஒண்டி நிற்கும். முதல் எட்டு ஆண்டுகளில் இரண்டரை முதல் நான்கு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், முழங்கால் உயரச் சகுவாரோகூடப் பல பத்தாண்டு வயதானதாக இருக்கலாம்.

மீதி மூன்றில்தான் சிக்கல். எல்லோருடைய கண்ணும் நடுவிலுள்ள பெரிய கொக்கி முள்ளுக்குத்தான் போகிறது. என் கணக்கில் அது இரண்டாம்தரச் சாட்சி. விஸ்லிசெனியின் நடு முள் நன்றாகக் கொக்கிபோல் மடங்கும், சிலிண்ட்ரேசியஸின் முள் பொதுவாக வளைவதோடு நின்றுவிடும். ஆனால் எவ்வளவு வளைந்தால் அது கொக்கி? செடிக்குச் செடி மாறுகிறது. அதைவிட, ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும் மற்ற முட்களைப் பாருங்கள்.

விஸ்லிசெனியில் நடுவே சில தடித்த முட்கள், ஓரத்தில் மெல்லிய, வெளிறிய, மயிர்போன்ற முட்கள். இரண்டுக்கும் இடையே தடிமனில் பெரிய வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சிலிண்ட்ரேசியஸில் அந்தத் திடீர் மாற்றம் இல்லை. தடிமன் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும். முட்களும் அடர்த்தி. சிவப்பும் மஞ்சளுமாக மூடிக்கொண்டு, உள்ளே பச்சை உடல் இருப்பதே சில செடிகளில் தெரியாது. எமோரியியில் மயிர்முள் என்ற பேச்சுக்கே இடமில்லை. முட்கள் கொஞ்சம்தான், எல்லாமே முரட்டு முட்கள், இடையில் பச்சை தாராளமாகத் தெரியும். மூன்றில் இதுதான் சுலபம்.

பூ கிடைத்தால் நிறத்தைவிட மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சிலிண்ட்ரேசியஸ் பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூன் வரை மஞ்சளாகப் பூக்கும். விஸ்லிசெனி கோடை மழையை ஒட்டி, ஜூலை முதல் செப்டம்பர் வரை. அதன் பூ ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ இருக்கலாம், மஞ்சளாகவும் இருக்கலாம். ஆகவே ‘மஞ்சள் பூ, அதனால் கலிஃபோர்னியா’ என்ற வாதம் நிற்காது. ஆகஸ்டில் உச்சியில் பூ நிறைந்திருந்தால் சிலிண்ட்ரேசியஸின் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது.

உச்சியில் மாதக்கணக்கில் ஒட்டியிருக்கும் மஞ்சள் காய்களோ தெற்குப் பக்கம் சாய்ந்து நிற்பதோ இங்கே உதவாது. விஸ்லிசெனி, சிலிண்ட்ரேசியஸ் இரண்டுமே அப்படித்தான்.

இடம் ஓரளவு கைகொடுக்கும். கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவிலோ ஆன்ஸா பொரெகோ பாலைவனப் பூங்காவிலோ நின்றால் விஸ்லிசெனியை மறந்துவிடலாம். அங்கே பீப்பாய் என்றால் சிலிண்ட்ரேசியஸ்தான். மொஹாவி பாலைவனப் பக்கம் மட்டும் பல தலைகளாகக் குவிந்து, காய் முழுக்கப் பஞ்சு படர்ந்த ஒன்றைக் கண்டால் அது வேறு ஆள், பஞ்சுத்தலைக் கள்ளி. தெற்கு நியூ மெக்சிகோவில் விஸ்லிசெனிக்கு சிலிண்ட்ரேசியஸ், எமோரியி என்ற இரண்டு உறவினரின் போட்டி இல்லை. அரிசோனாவில்தான் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. எமோரியியைத் தேடுபவர்கள் மாநிலத்தின் தென்மேற்கு மூலைக்கு, ஆர்கன் பைப் தேசிய நினைவுப் பகுதியின் பக்கம் போவது நல்லது.

அப்புறம், படம். முழுச் செடியின் படம் அழகாக இருக்கும், ஆனால் இனத்தைச் சொல்லாது. ஒரே ஒரு முள்கொத்தை நேர் எதிரே நின்று, ஓர முட்கள் தெளிவாக விழும்படி எடுங்கள். உச்சியையும் ஒரு படம். முள்ளை ஒடித்து எடுத்துவர வேண்டியதில்லை, செடியைத் தோண்டுவதோ அரிசோனாவில் சட்டச் சிக்கல். ஓர முள் மங்கிப்போன படத்தை வைத்து இனப்பெயர் எழுதுவதைவிட ‘ஃபெரோகாக்டஸ்’ என்று பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.