ரெண்டு நாள் மாஸ் கேஷுவல்ட்டி ட்ரெய்னிங், எங்க டீம் எடுத்துக்கிட்ட அனுபவம்

எமர்ஜென்சி வார்டுல 11 வருஷமா நர்ஸா இருக்கேன். ஒரே நேரத்துல 8 பேர், 10 பேர் அடிபட்டு வந்து எறங்குனதெல்லாம் பாத்தாச்சு, எப்படியோ சமாளிச்சிருக்கோம், அதனால மாஸ் கேஷுவல்ட்டி, அதாவது ஒரே நேரத்துல ஏகப்பட்ட பேர் அடிபட்டு வந்தா எப்படி சமாளிக்கறதுங்கற இந்த ட்ரெய்னிங்குக்கு என் பேர போட்டப்ப புதுசா என்ன சொல்லிடப் போறாங்கன்னுதான் போனேன். ரெண்டாவது நாள் சாயங்காலம் அந்த நெனப்பு மொத்தமா போயிருச்சு. உங்க ஹாஸ்பிட்டல்ல இந்த மாதிரி ஒண்ணு ஏற்பாடு பண்ணலாமான்னு யோசிக்கிறவங்களுக்காக நல்லது கெட்டது ரெண்டையும் எழுதுறேன்.

ட்ரெய்னிங் டீம் எங்க எடத்துக்கே வந்து நடத்துனாங்க. டாக்டரும் நர்ஸும் மட்டும்னா நாங்க வரல, செக்யூரிட்டி, ரெஜிஸ்ட்ரேஷன் கவுண்டர், ஸ்ட்ரெச்சர் தள்றவங்க, ஹவுஸ்கீப்பிங், லேப், பிளட் பேங்க் எல்லாரும் உக்காரணும்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. எங்க மேனேஜ்மெண்ட்டுக்கு அது பிடிக்கல, இவங்களுக்கு எதுக்கு ட்ரையாஜ், அதாவது யார மொதல்ல பாக்கணும்னு பிரிக்கற வேலைன்னு கேட்டாங்க. எதுக்குன்னு ரெண்டாவது நாள் எல்லாரும் கண்ணால பாத்தோம், அத கீழ சொல்றேன்.

மொத நாள் காலைல நடந்த விஷயங்கள வெச்சே பேசுனாங்க. 1995 மார்ச் 20, டோக்கியோ சப்வேல சாரின்ங்கற விஷ வாயு விட்டப்போ செயின்ட் லூக்ஸ் ஹாஸ்பிட்டலுக்கு மட்டும் அன்னைக்கு ஒரே நாள்ல 600 பேருக்கு மேல வந்திருக்காங்க, பெரும்பாலானவங்க ஆம்புலன்ஸ்ல வரல, நடந்தும் கெடச்ச வண்டியில ஏறியும் தானாவே வந்தவங்க. என்ன விஷம்னே மொதல்ல தெரியாது, பேஷண்ட் துணியில இருந்த வாயு பட்டு ஸ்டாஃபுக்கே கண்ணு மங்க ஆரம்பிச்சிருச்சு. 2017 லாஸ் வேகாஸ் துப்பாக்கிச் சூட்டுலயும் அதே கததான், சன்ரைஸ் ஹாஸ்பிட்டலுக்கு 200 பேருக்கு மேல, நெறைய பேர் யார் யாரோ கார்ல தூக்கிப் போட்டுட்டு வந்தவங்க. கண்ட்ரோல் ரூம்ல இருந்து போன் வரும், நாம கிளவுஸ் போட்டுட்டு வாசல்ல ரெடியா நிப்போம்னுதான் நான் இத்தன வருஷம் மனசுல வெச்சிருந்தேன். அப்படி நடக்காதாம். லேசா அடிபட்டவங்கதான் மொதல்ல வந்து பக்கத்துல இருக்குற ஹாஸ்பிட்டல நெரப்பிடுவாங்க, ஆபத்தா இருக்கறவங்க அப்புறம்தான் வருவாங்க, அப்போ பெட் இருக்காது. இந்த ஒரு விஷயத்துக்காகவே எங்க வார்டு பிளான மாத்தி எழுதணும்னு தோணுச்சு.

மத்தியானம் START (ஸ்டார்ட்)னு பேர் வெச்ச ட்ரையாஜ். 1983ல கலிஃபோர்னியால உருவாக்குன முறை, படிக்கும்போதே படிச்சதுதான், ஆனா கை பழகல. ஆளப் பாத்து கலர் டேக் கட்டணும், சிவப்புன்னா உடனே பாக்கணும், மஞ்சன்னா கொஞ்சம் பொறுக்கலாம், பச்சன்னா காத்திருக்கலாம். நடக்க முடிஞ்சவங்க பச்ச. மூச்சு நிமிஷத்துக்கு 30க்கு மேலன்னா சிவப்பு. மணிக்கட்டுல நாடி இல்லன்னாலும், நகத்த அழுத்தி விட்டா ரத்தம் திரும்ப 2 செகண்டுக்கு மேல ஆனாலும் சிவப்பு. சொன்னத செய்ய முடியலன்னா சிவப்பு, மத்தவங்க மஞ்ச. ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷத்துக்குள்ள முடிக்கணும். பேஷண்டுக்கு பதிலா கார்டு வெச்சு மொத ரவுண்டுல நான் ஆளுக்கு 2 நிமிஷம் எடுத்தேன், நாலாவது ரவுண்டுல 30 செகண்டுக்கு வந்துட்டேன், அவ்ளோ திரும்பத் திரும்ப பண்ண வெச்சாங்க, அதுக்கு தனியா நன்றி சொல்லணும்.

பாவமா இருக்கேன்னு மஞ்சள எல்லாம் சிவப்பாக்கறதுதான் நெறைய பேர் பண்ண தப்பு. குண்டுவெடிப்பு சம்பவங்கள ஆராய்ஞ்சவங்க சொல்றது, சிவப்பு ஏரியால தேவையில்லாதவங்க அதிகமாக அதிகமாக, உண்மையிலேயே ஆபத்தா இருக்கறவங்க சாவும் கூடுதுன்னு. இத கேட்டப்புறம் எங்க பேட்ச்ல ஒருத்தரும் அப்படி டேக் கட்டல.

பொழைக்க வாய்ப்பில்லன்னு கட்டுற கறுப்பு டேக்தான் எனக்கு கட்ட வரல. மூச்சு இல்ல, தலைய நிமித்தி மூச்சுப்பாதைய தொறந்து பாத்தாச்சு, அப்பவும் இல்ல, டேக் கட்டிட்டு நகரணும். 11 வருஷமா அந்த எடத்துல நெஞ்ச அழுத்த ஆரம்பிச்ச கை இது. கார்டுன்னு தெரிஞ்சும் நின்னுட்டேன். ட்ரெய்னர் அவசரப்படுத்தல, பக்கத்துல வந்து, "ஆள் சேந்ததும் திரும்ப வந்து பாப்போம் சிஸ்டர், டேக் எப்ப வேணா மாத்தலாம்"னு மெதுவா சொன்னாரு. ட்ரையாஜ்ங்கறது ஒரு தடவ பண்ணிட்டு விட்டுடற வேல இல்ல, உள்ள போகப் போக திரும்பத் திரும்ப பண்றதுன்னு எனக்கு அப்பதான் உள்ள எறங்குச்சு.

ரெண்டாவது நாள் ட்ரில். நர்சிங் ஸ்டூடண்ட்ஸ் 60 பேர் காயம் வரைஞ்சு, சாயம் பூசி, கத்திக்கிட்டும் மயங்கிக்கிட்டும் வந்தாங்க. மொதல்ல மாட்டுனது கேட்டுல. கூட்டத்த உள்ள விடாதன்னு சொன்னதால செக்யூரிட்டி அண்ணன் கேட்ட சாத்திட்டாரு, 6 பேரோட வந்த வேன் 4 நிமிஷம் வெளியவே நின்னுச்சு. அவர் மேல தப்பில்ல, எந்த வண்டி எந்த வழின்னு அவர்கிட்ட அதுவரைக்கும் யாருமே சொன்னதில்ல.

அடுத்தது நம்பர் குழப்பம், இதத்தான் எல்லாருக்கும் சொல்லிட்டு இருக்கேன். 17ம் நம்பர் பேஷண்ட், வயித்துல அடி, சிவப்பு. ரத்தம் எடுத்து 17னு எழுதி பிளட் பேங்குக்கு அனுப்பியாச்சு. ஆள சிடி ஸ்கேனுக்கு கொண்டு போனவரு திரும்பும்போது வந்த வழியிலயே ட்ரையாஜ் வாசலுக்கு கொண்டு வந்துட்டாரு. அங்க இருந்த கவுண்டர் பொண்ணு புதுசா வந்தவர்னு நெனச்சு பழைய டேக்க கழட்டி 31னு கட்டிருச்சு. கொஞ்ச நேரத்துல 17க்கு ரத்தம் வந்துச்சு. அந்த பைய கைல வெச்சுக்கிட்டு 17 யாரு 17 யாருன்னு சிவப்பு ஏரியா முழுக்க கேட்டுட்டு ஓடுனது நான்தான். ஆளு என் முன்னாடிதான் படுத்திருந்தாரு, 31னு. பைக்குள்ள வெறும் சிவப்பு தண்ணிதான், ஆனா எனக்கு கை நடுங்கிருச்சு.

டாக்டருங்க வேலைல பெருசா எங்கயும் ஓட்ட விழல. ஓட்ட விழுந்தது கேட்டு, கவுண்டர், ஸ்ட்ரெச்சர் போற வழி இதுலதான். எல்லாரையும் கூப்பிடணும்னு அவங்க பிடிவாதம் பிடிச்சது எதுக்குன்னு அப்ப மேனேஜ்மெண்ட்டும் பக்கத்துல நின்னுதான் பாத்துச்சு. இன்னொண்ணு, மொத 20 நிமிஷம் சீனியர்ஸ் ரெண்டு பேர் ஆளுக்கொரு ஆர்டர் போட்டுட்டு இருந்தாங்க. ஒருத்தருக்கு மட்டும் கமாண்டர்னு ஜாக்கெட் மாட்டி விட்டப்புறம்தான் சத்தமே கொறஞ்சுது.

முடிஞ்ச உடனே அதே எடத்துல உக்கார வெச்சு எத்தன மணிக்கு என்ன நடந்துச்சுன்னு போர்டுல வரிசையா எழுதுனாங்க. யார் பேரையும் சொல்லல, அந்த கவுண்டர் பொண்ணு அழற நெலமையில இருந்துச்சு, அது தானா எழுந்து டேக் கழட்டுனது நான்தான்னு சொல்ற அளவுக்கு அந்த எடத்த நல்லா வெச்சிருந்தாங்க.

இப்ப கொற. கொழந்தைங்களுக்கான ட்ரையாஜ் 40 நிமிஷத்துல முடிச்சிட்டாங்க, இது பத்தவே பத்தாது. மூச்சு இல்லாம நாடி மட்டும் இருந்தா கொழந்தைக்கு 5 தடவ மூச்சு குடுத்து பாக்கணும், மூச்சு எண்ணிக்கை 15க்கு கீழயோ 45க்கு மேலயோ போனா சிவப்பு, எல்லாமே வேற கணக்கு, இதுக்கு அர நாளாவது வேணும். கெமிக்கல் பட்டவங்கள கழுவுற பகுதி வெறும் ஸ்லைடு. துணிய கழட்டுனாலே பெரும்பகுதி போயிடும்னு சொன்னாங்க, சரி, ஆனா கழுவுறவங்க போடுற பாதுகாப்பு டிரெஸ்ஸ ஒருத்தராவது போட்டு பாத்திருக்க வேணாமா? டோக்கியோ கதைய அவ்ளோ நேரம் சொல்லிட்டு இத இப்படி விட்டது எனக்கு பிடிக்கல. ஸ்லைடுல டெக்னிக்கல் வார்த்தை ஜாஸ்தி, அட்டெண்டர் அக்காங்க பாதி நேரம் என்னத்தான் கேட்டுட்டு இருந்தாங்க. அப்புறம் ட்ரில் காலைல 10 மணிக்கு, முழு ஸ்டாஃபோட. ராத்திரி 2 மணிக்கு வார்டுக்கு 2 நர்ஸ் இருக்கும்போது என்ன பண்றது? கேட்டதுக்கு, சொல்லாம நடத்துற நைட் ட்ரில் தனி பேக்கேஜ்னாங்க. முடிஞ்சா ரெண்டையும் சேத்தே கேளுங்க.

இத்தன கொற இருந்தும் கட்டாயம் எடுங்கன்னுதான் சொல்வேன், ஆனா முடிஞ்ச கையோட வேலைய ஆரம்பிச்சாதான் பலன். நாங்க அடுத்த வாரமே அவசரத்துக்கு கூப்பிடுற போன் லிஸ்ட்ட சோதிச்சு பாத்தோம், 38 நம்பர்ல 9 உபயோகத்துலயே இல்ல. ட்ரையாஜ் வாசல இப்ப ஒருவழியா மாத்திட்டோம், உள்ள போனவங்க அந்த வழியா திரும்ப வரக்கூடாது. 100 கவர் ரெடி பண்ணி வெச்சிருக்கோம், ஒவ்வொண்ணுலயும் கைப்பட்டி, கேஸ் ஷீட், பிளட் டியூப் ஸ்டிக்கர் எல்லாத்துலயும் ஒரே நம்பர், கைப்பட்டிய கத்திரிக்காம கழட்டவே முடியாது. போன வாரம் நைட் டூட்டில பெட்டிய தொறந்து எண்ணி பாத்தேன், 3 கவர் கொறையுது, மார்க்கர் பேனாவ யாரோ எடுத்துட்டாங்க. கவர் போட்டாச்சு, பேனாவ இப்ப பெட்டியோடயே நூல்ல கட்டி வெச்சிருக்கேன்.