பின் டிரம் பிரேக்: கேபிளை இறுக்குவதா, ஓட்டை வழியே திருப்புவதா, டிரம்மைக் கழற்றுவதா?

பெடல் பாதிக்கு மேல் இறங்கின பிறகுதான் பிரேக் பிடிக்கிறது, ஹேண்ட்பிரேக்கை முழுசாக இழுத்தாலும் சரிவில் வண்டி மெல்ல நகர்கிறது. பின்னால் டிரம் உள்ள காரில் இது அடிக்கடி வரும் தொல்லை. ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள். ஒருவர் ஹேண்ட்பிரேக் கேபிளை இறுக்கு என்பார், இன்னொருவர் பின்தகட்டு (டிரம்முக்குப் பின்னால் அசையாமல் நிற்கும் தகடு) ஓட்டை வழியே ஸ்டார் வீலை, அதாவது பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் சின்னப் பல்சக்கரத்தை, திருப்பு என்பார், மூன்றாமவர் டிரம்மைக் கழற்றிப் பார் என்பார். மூன்றும் ஒரே வேலையைச் செய்பவை இல்லை என்பதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

கருவியை எடுக்கும் முன் பெடலை மிதித்துப் பாருங்கள். முதல் மிதியில் ஆழமாகப் போய், உடனே மறுபடி மிதித்தால் மேலேயே கெட்டியாக நிற்கிறதா? அப்படியானால் பெரும்பாலும் ஷூவுக்கும் (டிரம்மின் உள்சுவரில் அழுந்திச் சக்கரத்தை நிறுத்தும் வளைந்த கட்டை) டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கிறது. பஞ்சு போல அமுங்கினால் லைனில் காற்று இருக்கும். அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெதுவாக இறங்கிக்கொண்டு போனால் பிரேக் ஆயில் கசிகிறது, இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர் (பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் உறுப்பு) உள்ளுக்குள் விடுகிறது. இந்தக் கடைசி இரண்டுக்கும் எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் உதவாது.

கேபிளை இறுக்குவது பத்து நிமிட வேலை, அதனால்தான் எல்லோரும் முதலில் அங்கே போகிறார்கள். நானும் ஒருமுறை அதைத்தான் செய்தேன்; இரண்டு நாள் ஹேண்ட்பிரேக் கச்சிதமாகப் பிடித்தது, மூன்றாம் நாள் ஒரு பக்கச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே அனல் அடித்தது. தேய்ந்த ஷூவைக் கேபிளால் வெளியே இழுத்து வைத்தால் அது தன் இருப்பிடத்துக்குத் திரும்புவதே இல்லை, டிரம்மில் உரசிக்கொண்டே இருக்கும். பல வண்டிகளில் தானாகச் சரிசெய்யும் அமைப்பும் இதனால் வேலை செய்யாமல் போய்விடும். கேபிளைத் தொடுவது எப்போதும் கடைசியில், ஷூ இடைவெளி சரியான பிறகு, கேபிள் நீண்டிருந்தால் மட்டும்.

ஓட்டை வழியே திருப்புவது நல்ல வழி, உள்ளே எல்லாம் நலமாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால். முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள்), ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டு ரப்பர் மூடியைக் கழற்றுங்கள். ஸ்க்ரூ டிரைவர் நுனியை ஸ்டார் வீலின் பல்லில் வைத்து நெம்பும்போது ஒவ்வொரு பல்லும் 'டிக்' என்று கேட்கும். எந்தத் திசையில் இறுகும் என்பது வண்டிக்கு வண்டி, பக்கத்துக்குப் பக்கம் மாறும். நாலைந்து பல் திருப்பி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். சக்கரம் நிற்கும் வரை இறுக்கி, பெடலை இரண்டு மூன்று தடவை மிதித்து ஷூவை நடுவில் உட்கார வைத்து, அப்புறம் தளர்த்துங்கள். தளர்த்தும்போது மட்டும் இன்னொரு மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால், பல்லைப் பிடித்திருக்கும் அட்ஜஸ்டர் லீவரைத் தள்ளிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பல் பின்னால் நகராது. கையால் சுற்றினால் சக்கரம் தடையில்லாமல் சுழல வேண்டும், லேசாக ஒரு 'ஸ்ஸ்' உரசல் கேட்டால் பரவாயில்லை.

"ரிவர்ஸில் போய் நாலு தடவை பிரேக் அடி, தானாக இறுகிவிடும்" என்ற யோசனை எல்லா வண்டிக்கும் பொருந்தாது. இரண்டு ஷூவும் கீழே ஸ்டார் வீலால் இணைந்து, மேலே ஒரே ஆணியில் சாய்ந்திருக்கும் வகையில் அது நடக்கும். மற்ற வகைகளில் பெடலோ ஹேண்ட்பிரேக்கோதான் அட்ஜஸ்டரை நகர்த்தும். அட்ஜஸ்டர் திருகு துருப்பிடித்து இறுகியிருந்தால் எந்த வகையிலும் நடக்காது.

அதனால்தான், பழைய வண்டி, கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று தெரியாது என்றால் நான் தயங்காமல் டிரம்மைக் கழற்றச் சொல்வேன். நேரம் பிடிக்கும், கை அழுக்காகும். ஆனால் ஷூக்களை வெளியே தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை நகத்தால் லேசாகத் தூக்கினால் உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். ஓட்டை வழியே இது தெரியவே தெரியாது. ஆயிலில் ஊறிய லைனிங்கை (ஷூ மேல் இருக்கும் உராய்வுப் பட்டை) கழுவிப் பயன்படுத்தாதீர்கள், இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். டிரம்மில் அதிகபட்ச விட்டம் அச்சிட்டிருக்கும், அளந்து ஒப்பிடுங்கள். தூசியை ஊதக் கூடாது, பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். டிரம் வர மறுத்தால் விளிம்பில் தேய்ந்து எழுந்த வரம்பில் ஷூ மாட்டியிருக்கும், ஓட்டை வழியே அட்ஜஸ்டரைத் தளர்த்தினால் வந்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரியுங்கள். ஸ்பிரிங் எங்கே மாட்டியிருந்தது என்று குழம்பினால் மறுபக்கத்தை எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இடது, வலது அட்ஜஸ்டர்களின் மரை பெரும்பாலும் எதிரெதிராக இருக்கும். மாற்றி மாட்டினால் பிரேக் அடிக்க அடிக்க இறுகுவதற்குப் பதில் தளர்ந்துகொண்டே போகும்.

முடித்ததும், வண்டி நகரும் முன்பே பெடல் கெட்டியாக நிற்கும்வரை மிதியுங்கள். பிறகு பிரேக்கை அதிகம் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி, இரண்டு பின்சக்கரங்களின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கம் இரண்டு பல் தளர்த்துங்கள்.