மிட்டாய்க்கடையிலிருந்து ஐந்நூறு புத்தகம் வரை: அசிமோவின் தன்வரலாறு

அறிவியல் புனைகதை பிடிக்கும் என்பதால் வாங்கிய புத்தகம், ஐசக் அசிமோவின் ‘ஐ. அசிமோவ்’. இரண்டாம் முறை எடுத்துப் படித்ததற்குக் காரணம் வேறு. எங்களுக்குப் பலசரக்குக் கடை இருந்தது. விடியற்காலையில் பால் பாக்கெட் எண்ணி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். சாயங்காலம் வந்து கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம். நியூயார்க்கின் புரூக்ளினில் அசிமோவின் அப்பா வைத்திருந்த மிட்டாய்க்கடையைப் பற்றிப் படிக்கப் படிக்க, எங்கள் கடை வாசனையே வந்துவிட்டது.

ரஷ்யாவின் பெத்ரோவிச்சி என்ற சிற்றூரில் பிறந்து, மூன்று வயதில் அமெரிக்கா வந்தவர் அசிமோவ். 1926இல் அப்பா முதல் கடையை வாங்கினார். காலை ஆறு மணிக்குத் திறந்தால் இரவு ஒரு மணிக்குத்தான் சாத்துவார்கள். பையன் பள்ளிக்குப் போகுமுன் பேப்பர் போட்டுவிட்டு வர வேண்டும், திரும்பியதும் கடையில் நிற்க வேண்டும். கடையில் பத்திரிகைகளும் விற்பனைக்கு இருந்தன. கதைப் பத்திரிகைகளைத் தொடக்கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. 1929இல் ‘சயன்ஸ் வொண்டர் ஸ்டோரீஸ்’ வந்ததும், பெயரிலேயே சயன்ஸ் இருக்கிறதே என்று காட்டி அனுமதி வாங்கிவிட்டான் பையன். ஆனால் விற்கிற சரக்கு அது. படித்த சுவடு தெரியாமல் திரும்ப வைக்க வேண்டும். பொட்டலம் மடிக்க எடைக்கு வாங்கிய வார இதழ்களைக் கிழிக்குமுன் அவசரமாகப் படித்தவன் நான். தொடர்கதையின் நடுவில் ஓர் அத்தியாயம் மட்டும் கிடைக்கும். மிச்சத்தை நானே யோசித்துக்கொள்வேன். அதனால் அந்தப் பக்கங்களைச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

1938 ஜூனில், பதினெட்டு வயதில், ‘அஸ்டவுண்டிங்’ என்ற அறிவியல் புனைகதை இதழின் ஆசிரியர் ஜான் கேம்பெலிடம் தன் கதையை நேரிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறார். கதை திரும்பி வந்துவிட்டது. அடுத்தடுத்து எழுதினார். முதலில் விலைபோன கதைக்கு இன்னொரு பத்திரிகை சொல்லுக்கு ஒரு சென்ட் வீதம் 64 டாலர் கொடுத்தது. 1941இல் ‘நைட்ஃபால்’, 1942இல் ‘ஃபவுண்டேஷன்’ வரிசையின் முதல் கதை. கொலம்பியா பல்கலையில் வேதியியல் முனைவர் பட்டம், பிறகு பாஸ்டனில் மருத்துவ மாணவர்களுக்கு உயிர்வேதியியல் பாடம். முதல் நாவல் 1950இல் வந்தது. நூறாவது புத்தகம் 1969இல், இருநூறாவது அடுத்த பத்தே வருடத்தில். மொத்தம் ஐந்நூறு அளவில் வரும்.

இவ்வளவு எழுத எப்படி முடிந்தது? கடைதான் என்கிறார். விடியலில் எழுவது, விடுமுறை இல்லாமல் உழைப்பது எல்லாம் அங்கே ஒட்டிக்கொண்ட பழக்கம். எழுத்தாளரான பிறகும் அவர் கடை நேரத்தைத்தான் கடைப்பிடித்தார். எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று. சுரங்க ரயில் நிலையத்தில் இருக்கிற பத்திரிகைக் கடை தனக்கும் ஒன்று வேண்டும், உள்ளே அடைந்து உட்கார்ந்து படித்துக்கொண்டே இருக்கலாம் என்று சின்ன வயதில் ஆசைப்பட்டாராம். அடைசலான இடம் அவருக்கு அவ்வளவு இஷ்டம். கதைகளில் விண்மீன் மண்டலம் முழுக்கப் பேரரசை விரித்தவர், விமானம் ஏறப் பயந்தவரும்கூட.

குறையும் உண்டு. 166 சின்னச் சின்ன அத்தியாயங்கள். கால வரிசை பெயரளவுக்குத்தான். பின்பாதியில் நண்பர்கள் ஒவ்வொருவராக வந்து போகிறார்கள், பாதிப்பேர் மனதில் நிற்கவில்லை. அறிவியல் புனைகதை மாநாடுகளில் பெண்களிடம் அத்துமீறி நடந்தவர் என்பது இன்று எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தன் சரசப் பேச்சை இந்தப் புத்தகத்தில் அவர் சாதாரணமாகச் சொல்லிப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

1992 ஏப்ரலில் இறந்தார், புத்தகம் 1994இல் வந்தது, மறு ஆண்டு அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருதும் கிடைத்தது. 1983இல் இதய அறுவையின்போது ஏற்றிய ரத்தத்தால் எச்ஐவி தொற்றியதை மனைவி ஜேனட் 2002இல்தான் வெளியே சொன்னார். அது தெரிந்து படித்தால் கடைசி அத்தியாயங்கள் வேறு மாதிரி கனக்கின்றன.

நான் வாங்கியது பழைய பேப்பர்பேக். நல்ல நிலை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள், நூறாம் பக்கத்திலேயே பசை விட்டுவிட்டது. தடிமனான புத்தகம், கொஞ்சம் கூடக் கொடுத்தாவது நல்ல பிரதியாக வாங்குங்கள். அசிமோவின் ஒரு கதைகூடப் படிக்காதவர்களும் தைரியமாக ஆரம்பிக்கலாம்.

அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. கடை வருகிற அத்தியாயங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழில் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “ஒரு மணிக்குச் சாத்திட்டு ஆறு மணிக்கு எப்படிப்பா திறந்தாங்க?”