அமுச்சி படம்: அப்படியே மாட்டலாமா, அசைய வைக்கலாமா?

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் எங்க அமுச்சிக்கு, அதாவது பாட்டிக்கு, இருப்பது ஒரே போட்டோ. அதுவும் செத்த பிறகு நாற்காலியில் உட்கார வைத்து எடுத்தது. அப்படியே மாட்டுவதா, படத்தை அசைய வைக்கும் போன் ஆப்பில் போட்டுக் கண் திறந்து சிரிக்கும் வீடியோ ஆக்குவதா என்று வீட்டில் இழுபறி.

செலவு: பழைய படத்துக்குப் பிரேம் காசு மட்டும். ஆப் இலவசம் என்றுதான் ஆரம்பிக்கும்.

ஆயுள்: கறுப்பு வெள்ளைப் படம் ஈரம் படாவிட்டால் நம்மையும் தாண்டி இருக்கும். வீடியோ, போன் தொலைந்தால் போச்சு.

பயம்: விஷயமே இதுதான். பழைய படத்தில், தூக்கமோ என்று மனசு ஒரு கணம் தடுமாறும். தாடையைக் கட்டிய வெள்ளைத் துணியைப் பார்த்ததும் தெளிந்துவிடும். வீடியோவில் அந்தத் தெளிவே வராது. அமுச்சி சிரிக்கிறாள், ஆனால் பல்வரிசை வேறு யாருடையதோ. அவளுக்கு வெற்றிலைக் கறை படிந்த பல்! ஜப்பானிய ரோபோ அறிஞர் மசாஹிரோ மோரி 1970-இல் ஒரு வளைகோடு வரைந்தார்: ஓர் உருவம் மனிதனைப் போல ஆக ஆக நம் ஒட்டுதல் ஏறும், ஏறக்குறைய மனிதனே என்னும் இடத்தில் சட்டென்று பள்ளத்தில் இறங்கும். பிணம் அந்தப் பள்ளத்தில் கிடக்கும். நடமாடும் பிணம் அதைவிட ஆழத்தில்.

திதிக்கு மாலை போடப் பழைய படமே சரி. பேரப்பிள்ளைகளுக்கு முகம் காட்ட, கண் திறந்த அசையாத பிரதி போதும். வீடியோதான் வேண்டும் என்று நின்ற மாமா, ராத்திரி ஒருமுறை பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.